நேராகப் போகாத வண்டி

"வலது பக்கம் திருப்புறேன், இது இடது பக்கம் போகுது! இதுக்குப் பேர்தான் ரிப்பேரா?"

பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அறை விட்டார். புல் வெட்டும் வண்டி தோட்டத்துச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் அது வெட்டி வந்த தடம், பாம்பு போன பாதை மாதிரி புல்வெளி முழுக்க நெளிந்து கிடந்தது.

மெக்கானிக் டூல் பாக்ஸைத் திறந்தான். போன வாரம்தான் ஸ்டியரிங்கின் பல்சக்கரத்தை மாற்றியிருந்தான். அதற்கு முந்தின தடவை முன்சக்கரத்துக்குள் இருக்கும் புஷ் என்ற வளையம். இரண்டு தடவையும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

"போன வாரம் நல்லாத்தானே சார் ஓடுச்சு?"

"நீ இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் ஓடும். நீ கேட்டைத் தாண்டினதும் புத்தியைக் காட்டிடுது." பெரியவர் வண்டியை விட்டு இறங்கினார். "உன் கையில எதுதான்பா நிலைச்சிருக்கு?"

அவன் ஸ்பானரைத் தேடி எடுத்தான். அது வண்டியைப் பற்றிய பேச்சில்லை என்று இருவருக்குமே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவன் இந்த வீட்டு மருமகன். மகளுக்கும் அவனுக்கும் ஒத்துவராமல் போய், அவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு ஊரில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். மாமியார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். இவ்வளவு பெரிய வீட்டில் இப்போது பெரியவர் மட்டும்தான்.

'ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா? குத்திக்காட்டுறதுக்குன்னே என்னைக் கூப்பிடுறார்' என்று அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வண்டி அவ்வளவுதான் சார். பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. இனிமே நான் வரல."

"வேணாம்!" வெடுக்கென்று சொன்னார் பெரியவர். உடனே குரல் இறங்கியது. "புதுசெல்லாம் எதுக்கு? இதையே சரி பண்ணு."

எரிச்சலோடு குப்புறப் படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடு ஒரு முனையில் அந்தரத்தில் தொங்கியது. நட்டைக் காணோம். அது கழலாமல் இருக்கக் குறுக்கே செருகி மடக்கிவிடும் பின்னையும் காணோம்.

பின் தானாக அறுந்து விழுந்திருந்தால் ஓட்டையில் துண்டாவது சிக்கியிருக்கும். ஓட்டை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் படுத்தவாக்கிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

"இல்ல சார்."

அவன் டூல் பாக்ஸைத் துழாவினான். புது நட்டைப் பூட்டி, பின்னைச் செருகி, இரண்டு முனையையும் மடக்கினான். வண்டியில் ஏறித் தோட்டத்தின் அந்தக் கோடிவரை போய் வந்தான். வெட்டின தடம் வகிடு எடுத்த மாதிரி நேராக இருந்தது.

பெரியவர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி சரியாகிவிட்ட சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

"முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு."

"அப்போ... கிளம்பிடுவே."

அவன் குழாயடியில் கையைக் கழுவினான். டூல் பாக்ஸைத் தூக்கியவன், நாலு எட்டு நடந்து திரும்பி வந்து அதை மறுபடியும் கீழே வைத்தான். வாசல் படியில் உட்கார்ந்துவிட்ட பெரியவர் பக்கத்தில் அவனும் போய் உட்கார்ந்தான்.

"அடுத்த வாரம் எதையும் கழட்டி வைக்காதீங்க மாமா... நான் சும்மாவே வர்றேன்."