முதலில் தூக்கிய பெட்டிகள்

ஆற்று வெள்ளம் தேசிய நூலகத்தின் அடித்தளத்துக்குள் புகுந்த மதியம், தலைமை நூலகர் மரகதவல்லி படியில் நின்றபடி, "நாடக நோட்டீஸ் பெட்டிகள முதல்ல தூக்குங்க" என்றார்.

துணை நூலகர் அருளப்பன் திகைத்துப்போனார். "மேடம், நம்ம தேசியக் காவியத்தோட முதல் பதிப்பு உள்ள இருக்கு. நாட்டுக்கே பெருமை அது."

"காவியம் மறுபதிப்பா வீட்டுக்கு வீடு இருக்கு, அருளப்பன். இந்த நோட்டீஸுக்கு வேற பிரதி இல்ல, போனா போனதுதான். தூக்குங்க."

இடுப்பளவு தண்ணீரில் ஊழியர்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். பெட்டிகள் மேலே வந்து சேர்வதற்குள் காவியம் மூழ்கிவிட்டது. ஆனாலும் தவறாகச் சொல்லிவிட்டதாக மரகதவல்லிக்குத் தோன்றவில்லை.

வெள்ளம் வடிந்ததும், நனைந்த நோட்டீஸ்களை முன்கூடத்தில் கயிறு கட்டி உலர்த்தினார்கள். அமைச்சர் கோபத்தோடு வந்தார்.

"காவியத்தத் தண்ணியில விட்டுட்டு இந்தக் குப்பையவா காப்பாத்துனீங்க? உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்தப் பதவி?"

"ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

அவர் எரிச்சலோடு கயிறுகளுக்கு நடுவே நுழைந்தார். பாதி வழியில் சட்டென்று நின்றார். ரோஜா நிறத் தாளில், கிரீடம் வைத்த ஒரு பெண்ணின் படம். கீழே அவள் பெயர்.

"எங்கம்மா" என்றார் மெதுவாக. "மேடை ஏறுனதா எங்கிட்ட சொன்னதே இல்ல."

அவர் கை தாளை நோக்கிப் போனது.

"தொடாதீங்க சார், கிழிஞ்சிரும்" என்றார் மரகதவல்லி. "காயட்டும்."

அமைச்சர் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று உதவியாளர் வந்து சொன்னபோதும் அவர் அங்கிருந்து நகரவில்லை.