சுவரில் ஒரு கட்டுவிரியன்

"பாம்பு எங்கேம்மா?"

வாசலில் நின்ற பாம்புக்காரர் கையில் கொக்கிக் கம்பி, தோளில் சாக்குப் பை. 'வீட்டுல கட்டுவிரியன் இருக்கு, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்' என்று போனில் கூப்பிட்டவள், பதற்றமே இல்லாமல் கதவைத் திறந்தாள்.

"சுவத்துல இருக்குண்ணே. கம்பி வேணாம், வெளியவே வச்சிருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் இதே வீட்டு வேலியோரத்தில் ஒரு கட்டுவிரியனைப் பிடித்துக்கொண்டு போனவர் அவர்தான். அது கடித்து இவள் புருஷன், தெருவுக்கே துணி தைத்தவர், இறந்துபோன மறுநாள் அது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாப்பா சரியாச் சாப்பிட்டு இன்னியோட பதினாறு நாள். அவ வரைஞ்ச படம் தப்பாப் போய்த்தான் அப்பா போயிட்டார்னு மனசுல போட்டுக்கிட்டா. நான் சொன்னா நம்பல. படம் தப்பா இருந்தாலும் சரின்னே சொல்லிடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பாம்பு விஷயத்தில் பாம்புக்காரர் பொய் சொன்னதே கிடையாது. ஒரு பொய்க்கு ஓர் உயிர் விலை என்று தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

முன்னறைதான் தையற்கடை. மெஷினுக்கு உறை போட்டிருந்தது. மேலே பலகையில் நூல்கண்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நிறத்தின் பெயர் எழுதிய ஒரு குட்டிச் சீட்டு: சிவப்பு, பச்சை, பழுப்பு, ஊதா. நல்ல ஒழுங்குக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நாலு ஆணி அடித்து மாட்டிய பெரிய அட்டை. 'நம்ம தெருப் பாம்புகள்'. மொத்தம் பன்னிரண்டு. சாரையின் கண்ணில் திருட்டுத்தனம்கூட இருந்தது. கொம்பேறி மூக்கன் கிளையில் தொங்கிக்கொண்டு ஓர் ஓணானை முறைத்தது. ஒவ்வொரு பாம்புக்குப் பக்கத்திலும் கலர் பென்சிலால் ஒரு வட்டம்.

அடியில் எழுதியிருந்தது: 'சிவப்பு வட்டம்: கிட்டப் போகாதே. பச்சை வட்டம்: பாவம், விட்டுடு.'

படத்துக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு பத்து வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொம்பேறி மூக்கன எங்க கண்ணு பார்த்தே?"

"குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி மரத்துல."

"கொடுத்து வச்சவ. இருபது வருஷமா அலையறேன், எனக்கே ரெண்டு தடவைதான் மூஞ்சி காட்டியிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "முன்னாடியெல்லாம் எது வந்தாலும் அப்பா அடிச்சிடுவார். படம் மாட்டினப்புறம் அடிக்கல. 'ஏய் பாம்பாட்டி, உன் கட்சிக்காரன் வந்திருக்கான், வந்து கூட்டிட்டுப் போ'ன்னு கூப்பிடுவார்."

முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் டியூஷன்ல இருந்தேன். அப்பா படத்தைப் பார்த்துட்டு, 'பச்சைதான்'னு சொல்லிட்டுத்தான் கையில தூக்கினாராம். அது கடிச்சப்பகூட, 'ஊசி குத்தின மாதிரிதான் இருக்கு'ன்னு திரும்பவும் தைக்க உக்காந்துட்டாராம். கட்டுவிரியன், வெள்ளிக்கோல் வரையன் ரெண்டும் கறுப்பு. ரெண்டுக்கும் வெள்ளைக் கோடு. நான் மாத்தி வரைஞ்சிட்டேனா மாமா?"

பாம்புக்காரர் கண்ணாடியை மாட்டி, ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினார். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், தலையிலிருந்து வால்வரை இரண்டு தடவை பார்த்தார்.

விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே கோடு தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கியது. பக்கத்தில் பச்சை வட்டம். கட்டுவிரியனுக்குக் கழுத்தோரம் கோடே இல்லை, பின்னால் ஜோடி ஜோடியாக ஓடியது. முதுகின் நடுவில் செதில் மட்டும் பெரிது பெரிதாக. பக்கத்தில் சிவப்பு வட்டம், அழுத்தி அழுத்திப் போட்டது.

பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. அவருக்கு உயிர் வந்தது.

"மாத்தல கண்ணு. செதில் வரைக்கும் சரியா இருக்கு. என் பொண்டாட்டி மேல சத்தியம். அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா, அதனால பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் அப்பா பச்சைன்னார்?"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அவசரத்துல பார்த்திருப்பார்ம்மா."

அவள் எழுந்து நின்று சிவப்பு வட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மா, பசிக்குது" என்றாள்.

தட்டை வைத்துவிட்டு, தாய் அவரை வழியனுப்ப வந்தாள். கம்பியை எடுக்கக் குனிந்தவரின் கண் மறுபடியும் நூல்கண்டுகள் மேல் விழுந்தது. எது சிவப்பு, எது பச்சை என்று ஒரு தையல்காரருக்கு யார் எழுதிக் காட்ட வேண்டும்?

"ஏம்மா, நூலுக்கெல்லாம் எதுக்குச் சீட்டு?"

மகள் சாப்பிடுகிறாளா என்று அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாண்ணே, பொறந்ததுலேர்ந்தே. தையல்காரனுக்கு நிறம் தெரியாதுன்னா எவன் துணி கொடுப்பான்? பாப்பாவுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னுட்டார். சீட்டெல்லாம் எழுதி ஒட்டினது நான்தான்."

பாம்புக்காரர் கம்பியை எடுக்காமலே நிமிர்ந்தார். "விடும்மா. அந்த நேரத்துல யாருக்குத் தோணும்? குழந்தை ஏதோ ஆசையா வரைஞ்சு சுவத்துல மாட்டிட்டா..."

"அந்த உயரம் அவளுக்கு எட்டாதுண்ணே," என்றாள் அவள். "மாட்டினதும் நான்தான்."