எட்டாவது பார்ட்டி

வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்துச் சுவரருகே குந்தி, அளவு நாடாவைத் தரையிலிருந்து மேலே இழுத்தார். வீடு வாங்க வருகிறவர்களில் இவ்வளவு அக்கறையான ஆளை வாத்தியார் பார்த்ததே இல்லை.

"கெட்டிச் சுவர் சார், தட்டிப் பாருங்க" என்றார். சொல்லும்போதே கண் கடிகாரத்துக்குப் போனது. மணி நாலே முக்கால். இன்றைக்கு அமாவாசை. ஐந்து இருபதுக்குக் கடல் ஏறும். ஐந்தரைக்குக் குளியலறை வடிகால் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏன் பொங்குகிறது என்று முப்பது வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவர் அவர். கடற்கரைக்கு இரண்டாவது தெருவில் வீடு வாங்கும்போது மட்டும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போது எட்டிக்கூடப் பார்க்காத தண்ணீர் இப்போது மாதத்துக்கு ஆறு நாள் வருகிறது. கடலும் வருஷத்துக்கு ஒரு வகுப்பு மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதுவரை ஏழு பார்ட்டி வந்து, சுவரில் இருந்த உப்புக் கறையைப் பார்த்துவிட்டு ஓடியிருந்தார்கள். "இவரும் ஓடிட்டார்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க மீனோட குடித்தனம் பண்ணுங்க" என்று காலையில்தான் மனைவி சொல்லியிருந்தார். அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் வாத்தியாருக்குப் பயமாக இருந்தது. உப்புத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அந்த அம்மாளின் கால் விரலிடுக்கெல்லாம் புண்.

சாயங்காலம் பார்ட்டி வருகிறார் என்று புரோக்கர் சொன்னதும் இருவரும் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். கடைசியில் ஒரு பாகத்துக்குப் பெயின்ட் போதவில்லை. நாலரை மணிக்குக் கோப்பும் கையுமாக ஒருவர் வாசலில் வந்து, "சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தபோதே, "தெரியும் சார், உள்ள வாங்க!" என்று வாத்தியார் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அப்போதிலிருந்து அம்மாள் அந்தக் கறையை மறைத்தபடி சுவரோடு சுவராக நிற்கிறார்.

"கட்டிலுக்குக் கீழ ஏன் சார் அஞ்சஞ்சு செங்கல்?"

"ரொம்பக் கீழ உக்கார முடியலைங்க. இடுப்பு வலி."

"ஃபிரிட்ஜுக்குக் கீழயும் இருக்கே?"

"அதுக்கும் இடுப்பு வலிதாங்க" என்றார் அம்மாள். வாத்தியார் முறைத்தார்.

வந்தவர் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "மேடம், கொஞ்சம் தண்ணி..." என்றார்.

"இந்த வீட்ல தண்ணியே கிடையாது சார்!" என்று பதறினார் வாத்தியார். அப்புறம்தான் குடிக்கக் கேட்கிறார் என்று புரிந்தது. அம்மாள் நகர முடியாதே, அவரே சமையலறைக்கு ஓடினார்.

திரும்பி வரும்போது அம்மாள் காதோடு சொன்னார். "என்னங்க, இவர் இன்னும் விலையே கேக்கலையே?"

"விலை கேக்குறவன் வாங்க மாட்டான், வாங்குறவன் விலை கேக்க மாட்டான். நீ சுவரை விட்டு நகராதே."

வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "மனசைத் தொட்டுச் சொல்லுங்க சார். கடல் ஏறினா வீட்டுக்குள்ள எத்தனை அங்குலம் வருது?"

"அங்குலமா? ஈரம்கூட வராது."

"பக்கத்து வீட்ல முழங்கால் வரைக்கும் வருதுன்னாங்களே?"

"அவர் ஆளே குள்ளம் சார். அவர் முழங்காலை வச்செல்லாம் கணக்குப் போடாதீங்க."

"நல்லா யோசிங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை வந்திருந்தாலும் சொல்லிடுங்க. ஒண்ணும் தப்பில்ல." அவர் குரலில் கிட்டத்தட்டக் கெஞ்சலே இருந்தது.

போட்டு வாங்கப் பார்க்கிறான் என்று வாத்தியார் உஷாரானார். "சத்தியமா ஒரு சொட்டு வந்ததில்ல!"

"அப்படின்னா அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

வாங்குகிறவன் எழுதி வாங்கிக்கொள்வது நியாயம்தான். மணி வேறு ஐந்து பதினெட்டு. 'இவ்வீட்டினுள் இதுநாள் வரை கடல்நீர் புகுந்ததில்லை' என்று முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார் வாத்தியார். வந்தவர் பெருமூச்சு விட்டபடி வெளியேறினார்.

"முடிஞ்சுது! மூட்டையைக் கட்டு" என்றார் வாத்தியார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சுவரை விட்டு நகர்ந்த அம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்போது கைபேசி அடித்தது. புரோக்கர்.

"சார், மன்னிச்சுக்கோங்க. பார்ட்டியால இன்னைக்கு வர முடியலையாம். நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

வாத்தியார் வாசலுக்கு ஓடினார். உள்ளே குளியலறை வடிகால் களக் களக் என்று ஆரம்பித்திருந்தது. வந்தவர் அப்போதுதான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"சார்... நீங்க யாரு?"

"நகராட்சி சார். அதைத்தான் வாசல்லயே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க? கடல் ஏறுற தெருவுல வீடுங்களை ஜாக்கி வச்சு நாலடி உசத்தித் தர்றோம். எல்லாம் இலவசம். நாளைக்கு உங்க பக்கத்து வீட்ல வேலை ஆரம்பம்."

"அப்போ... எங்க வீடு?"

கோப்பை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, வந்தவர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"தண்ணியே வராத வீட்டை எதுக்கு சார் தூக்கணும்?"