நான்காவது குற்றம்

முதலில், டீ நேரத்தில் ஐந்து நிமிடத்தை வெட்டினார்.

அடுத்து, பேக்கிங் பெண்கள் உட்காரும் ஸ்டூல்களைப் பூட்டி வைத்தார்.

மூன்றாவதாக, தும்மியவனிடம்கூட எழுத்தில் விளக்கம் கேட்டார்.

நான்காவதுதான் பொறுக்க முடியாதது. கிடங்கின் ஆறு பேட்டரி வண்டிகளிலும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார் எங்கள் மேற்பார்வையாளர் உம்மணாமூஞ்சி.

வண்டியோடு சேர்த்து ஒரு டன்னாக இருந்த பாரத்தை அரை டன்னாக்க, நாற்பது நாள் வாசலில் கிடந்து வென்றவர்கள் நாங்கள். பாரம் பாதியானதால் நடை இரண்டு மடங்கு. அதற்காக வண்டியை இரண்டு மடங்கு வேகத்தில் விரட்டினோம். அது அவர் கண்ணை உறுத்திவிட்டது.

அவரை நீக்கக் கோரும் மனுவோடு வாசலில் கூடினோம். சங்கத் தலைவனாக நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் அக்கா ஓடி வந்தார்.

“உங்களுக்கு வேலை மிச்சம் தலைவரே. நிர்வாகமே அவரைத் தூக்கிடுச்சு.”

கைதட்டல் காதைப் பிளந்தது.

“எதுக்குன்னு கேளுங்க. அனுமதி இல்லாம வேகத்தைக் குறைச்சாராம். திருகினது நான். பழியை ஏத்துக்கிட்டது அவர் மட்டும்.”

கைதட்டல் நின்றது.

“ஏன் குறைச்சீங்க?”

“முன்னாடி ஒரு டன் வண்டி இடிச்சப்ப இரும்பு வேலி வளைஞ்சுது. போன வாரம் அரை டன் இடிச்சு வேலியையே பிடுங்கிட்டுப் போச்சே, அது எப்படி?”

“ஓட்டினவன் அவசரக்குடுக்கை.”

“எல்லாரும்தான் விரட்டுறீங்க! பாரம் பாதியானா அடியும் பாதி, சரி. ஆனா வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்கு. கணக்குப் போடுங்க. பழசைவிட ரெண்டு மடங்கு பலமா இடிக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் நம்ம பொண்ணுங்க. சாப்பாட்டு நேரமா இருந்ததால தப்பிச்சாங்க.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதான் கேட்டேன். ‘இப்பத்தான் ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்காங்க, பாவம். அதைக் கெடுப்பானேன்? என்னையே திட்டிட்டுப் போகட்டும்’னாரு.”



மனுவில் ‘நீக்கு’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘திரும்பச் சேர்’ என்று எழுதினேன். பெயருக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது.

“அவர் சொந்தப் பேர் என்னப்பா?”

பதினோரு வருடம் கூடவே இருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவும் உதட்டைப் பிதுக்கினார்.

“தெரிஞ்சதையே போடுங்க தலைவரே.”

நிர்வாக அதிகாரியை வெளியே வரவழைத்தோம். எண்பது பேர் சாட்சியாக உரக்கப் படித்தேன்:

“இவரைத் திரும்பச் சேர்க்கும்வரை ஒரு வண்டியும் நகராது. பெயர், உம்மணாமூஞ்சி.”