பழுதான லென்ஸ்

“இந்த லென்ஸ் கடைசி நேரத்துல எங்க காலை வாரிடுச்சு. இதை எடுத்துக்கிட்டு வேற ஒண்ணு குடுங்க” என்று கணவரின் லென்ஸைக் கடை மேசையில் வைத்தாள் கெர்லிண்ட்.

பக்கத்தில் நின்ற மகன் ஃபால்க் தலையைக் குனிந்துகொண்டான். பெரிய ஃபிலிம் கேமராவில் முகப்படம் எடுக்க ஏற்ற ஒன்பது லென்ஸ்களை அவற்றின் அளவுகளோடு நோட்டில் எழுதி வைத்திருந்தான். புது லென்ஸ் எதற்கு என்பதை மட்டும் எழுதவில்லை.

அப்பா நாற்பது வருடம் லைப்சிக் நகர ஜனங்களை உட்காரவைத்துப் படமெடுத்த லென்ஸ் அது. படுக்கையில் கிடந்தவர், போன மாதம் மகனுக்காக எழுந்து, அதன் முன்னால் ஒரே ஒரு படத்துக்கு உட்கார்ந்தார். ஃபிலிம் வெறுமையாக வந்தது. “லென்ஸ் பழுதும்மா” என்றான் ஃபால்க். மறு வாரம் அப்பா இல்லை.

கடைக்காரர் நோவாக் அதைக் கடையிலிருந்த பெரிய கேமராவில் மாட்டி, கெர்லிண்டின் பக்கம் திருப்பி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்கண்ணாடியில் தலைகீழாக விழுந்த பிம்பத்தைப் பார்த்தார். “இதுல என்ன கோளாறு? உங்க மூக்கு தலைகீழாக்கூட அழகாத் தெரியுது.”

“கிண்டல் வேண்டாம். வேற காட்டுங்க.”

அவர் காட்டிய முதல் லென்ஸ் கனம் என்றாள். அடுத்தது சுருக்கத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்றாள். மூன்றாவதற்குக் காரணமே சொல்லவில்லை. முந்தைய இரண்டு கடைகளிலும் இதே கூத்துதான். இத்தனைக்கும் அவள் ஒருநாளும் கேமராவைத் தொட்டவள் இல்லை.

“நீயே சொல்லேன்டா. படமெடுக்கக் கத்துக்க மாலை வகுப்புக்குப் போறவன் நீதானே?”

“எதுவானாலும் சரிம்மா.”

“அப்ப இந்த நாலாவதே இருக்கட்டும். பழசை எடுத்துக்கோங்க.”

நோவாக் அப்பாவின் லென்ஸில் விலைச்சீட்டை ஒட்டினார். ஜன்னலோரம் நின்ற ஒருவர், “அதை நான் பார்க்கலாமா?” என்று கை நீட்டினார்.

“குடுக்காதீங்க!”

ஃபால்க்கின் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

“அம்மா, லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. படமெடுக்கும்போது ஃபிலிமை மூடியிருக்கிற தகட்டை உருவ மறந்துட்டேன். லென்ஸ் திறந்துச்சு, ஃபிலிம் இருட்டுலயே இருந்துச்சு. தப்பு என்னோடதும்மா.”

கெர்லிண்ட் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். லென்ஸைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“அதைப் பார்த்துக்கிட்டேதான்டா அப்பா அசையாம உட்கார்ந்திருந்தார்.”