பேச்சை நிறுத்திய செயற்கைக்கோள்

அறுபத்தொன்பதில் ஒருநாள் கோட்டைப்பட்டினம் டீக்கடை ரேடியோவில், கடல்கடந்து பேச்சைக் கொண்டுபோன செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாகச் செய்தி வாசித்தார்கள். கேட்ட சூசைராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத மகன் சவரிமுத்து அக்கரையில் இருக்கிறான், அந்தக் கோள் வழியாக ஒருநாள் பேசுவான் என்று சொல்லித்தான் மனைவியை நாலு வருஷமாகச் சாப்பிட வைத்திருந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஆரோக்கியம்மாள் கேட்டாள். "அதை நிறுத்திட்டாங்களாமே?"

"வேற ஒண்ணு விடுவாங்க ஆரோக்கியம். புள்ள பேசுவான்."

"போதுங்க. கரையில ஒதுங்குன புள்ளைய நீங்க தனியாப் புதைச்சப்ப, தாழம்புதருக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சூசைராஜ் கேட்டார். "அப்புறம் எதுக்கு இத்தனை நாளா நம்புன?"

"நம்பலைங்க. புள்ள பேசுவான்னு சொல்லுறப்ப மட்டுந்தான் நீங்களும் ரெண்டு வாய் சோறு சாப்பிட்டீங்க."