ஃபர்னஸ் பார்க்க ஒரு நல்ல ஆள்

அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் எலும்பைத் துளைக்கும் ஜனவரிக் குளிர். வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் அணைந்துபோனதால், மார்லிஸும் அவள் கணவர் ஆர்விட்டும் கனத்த கோட்டோடு சமையலறையில் முடங்கிக் கிடந்தார்கள்.

“ரெண்டு மெக்கானிக் வந்து பார்த்தாச்சு. ரெண்டு பேருமே புதுசுதான் போடணும்னு விலையும் சொல்லிட்டாங்க. இன்னும் என்ன?” என்றாள் மார்லிஸ்.

“திருட்டுப் பசங்க! மூடியைக்கூடத் திறக்காம விலை சொல்றானுங்க. நியாயமா சொல்ற ஒருத்தன் வரட்டும்.”

மூன்றாவதாகக் கொர்ஹோனன் என்ற மெக்கானிக் வந்தார். நிலவறைக்கு இறங்கியவரின் பின்னாலேயே மார்லிஸும் போனாள்.

“ரொம்பப் பழசுங்க. இனிமே தாங்காது, இல்ல?” என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

அவர் திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

“ஒரு ஒயர் கழண்டிருக்கு, அவ்வளவுதாம்மா.”

ஒயரைச் சொருகியதும் ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எரிந்தது.

“இது இன்னும் பத்து வருஷம் ஓடும். காசெல்லாம் வேணாம்.”

“பார்த்தியா, நான் சொல்லல? இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!” என்று படியிலிருந்தே கத்திய ஆர்விட், அவரைக் காபி குடிக்க மேலே அழைத்துப் போனார்.

மார்லிஸ் அங்கேயே நின்றாள். குளிரே இல்லாத அரிசோனாவில் மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று வருஷக்கணக்காக அவள் கெஞ்சியதற்கு, ஆர்விட் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்திருந்தார். “இந்த ஃபர்னஸ் உசுரை விடட்டும், மறுநாளே வீட்டை வித்துடலாம்.”

தன் கோட்டுப் பைக்குள் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கணவரின் கருவிப்பெட்டியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.